எதிர்காற்றில் சேர்ந்து போனவர்கள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போன பெண் நான்தான். ஐம்பதுகளின் நடுவில் அது நடந்தது. பெங்களூரில் அல்சூர் தாண்டி, பழைய மெட்ராஸ் ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த ஒரு தொழிற்சாலையில், மின்கருவிகளுக்குள் வைக்கும் கம்பிச் சுருள்களைச் சுற்றும் வேலை. தலைமுடி போன்ற செப்புக் கம்பியை அறுந்துவிடாமல் சுற்றப் பெண்களின் விரல்தான் சரி என்று மேலே யாரோ தீர்மானித்திருந்தார்கள். அந்தப் புண்ணியத்தில் ஒரு கூடம் முழுக்கப் பெண்களாக எடுத்தார்கள்.

மைசூர் சமஸ்தானத்து செக்ரடேரியட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றிருந்த அப்பா, வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். உடனே நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் சரிம்மா, மல்லேஸ்வரத்துலேருந்து அவ்வளவு தூரம் எப்படிப் போய் வருவே?"

நியாயமான கேள்விதான். தொழிற்சாலை பஸ் கண்டோன்மென்ட் பக்கம் மட்டும் வந்தது. டவுன் பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறிப் போனால், வாயிற்கதவைச் சாத்திய பிறகுதான் போய்ச் சேரலாம். அப்பா சில நாள் யோசித்தபடி இருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார்.

அது இங்கிலாந்தில் செய்த வண்டி. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது விட்டுப்போன சாமான்களில் ஒன்று. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டில் சாக்குப் போர்த்திப் பல வருடம் கிடந்தது. மாவிலைக் கொழுந்து முற்றினால் வருமே, அப்படி ஓர் ஆழ்ந்த பச்சை. குழாய்களின் ஓரத்தில் முடி அகலத்துக்குத் தங்கநிறக் கோடு. சங்கிலியே வெளியே தெரியாதபடி முழுசாக மூடியிருக்கும். புடவை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு மேலே வலை. தோல் சீட்டுக்கு அடியில் கனத்த ஸ்பிரிங். நான் விரல் கணுவால் குழாயைத் தட்டிப் பார்த்தேன். கோயில் மணியின் விளிம்பைத் தொட்டதுபோல மெலிதாக ஒரு சத்தம் வந்து அடங்கியது. அன்று முதல் அந்த வண்டியின் மேல் எனக்கு ஒரு பித்து.

அம்மாவுக்குத்தான் மனசே இல்லை. "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு, தெருவெல்லாம் பாக்க சைக்கிள்ல போறதா?" என்று சமையலறைக்குள்ளிருந்தே கேட்டாள். அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த விதத்திலேயே அம்மாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

சைக்கிள் விடத் தெரியும் என்றுதான் பெயர். பள்ளிக்கூட நாட்களில் அண்ணனோடு மைதானத்தில் வாடகை வண்டியில் பழகியது அவ்வளவே. முதல் நாள் சேஷாத்ரிபுரம் தாண்டி ரேஸ்கோர்ஸ் சுவரை ஒட்டிப் போகும்போது, நான் சாலையிலேயே இல்லை. சாலைக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சாண் மண் இருக்குமே, அதில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து லாரி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் இடது பக்கம் ஒதுங்கினேன்.

"ஏம்மா! அப்படியே போனா மோரியில தான் வுழுவே. ரோட்டு மேல வா!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம், ஆண்கள் ஓட்டும் பெரிய கறுப்பு வண்டியில் வந்துகொண்டிருந்தாள். நடுவில் குறுக்குக் கம்பி உள்ள வண்டி. புடவையைக் கச்சம் கட்டிப் பின்னால் செருகியிருந்தாள். முந்தானையை இடுப்பில் சுற்றி இறுக்கியிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. அப்படி ஒரு பெண் சாலையில் போய் நான் அதுவரை பார்த்ததில்லை.

"லாரிக்காரன் நம்மள இடிக்க மாட்டான். அவன் கண்ணுல படணும், அவ்ளோதான். ஓரத்துல ஒளிஞ்சிகினு போனாத்தான் ஆபத்து. வா, எம்பக்கத்துல வா."

போனேன். அவள் வெளிப்பக்கம், நான் உள்பக்கம். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டால், அதே தொழிற்சாலை, அதே கூடம். முந்தின மாதம்தான் சேர்ந்திருந்தாள். ஒக்கலிபுரத்தில் வீடு. புருஷனுக்கு ரயில்வே எஞ்சின் ஷெட்டில் வேலை. ஷெட் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவருக்குச் சைக்கிள் தேவைப்படவில்லை; அவள் எடுத்துக்கொண்டாள்.

"பொம்பள வண்டி வாங்கித் தர்றேன்னாரு. வேணாம்னுட்டேன். இருக்கிறது போதாதா?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ரேஸ்கோர்ஸ் மூலையில் ஒருவருக்காக ஒருவர் நிற்பது வழக்கமானது. நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னை "மல்லேஸ்வரம்" என்றே கூப்பிட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. அல்சூர் ஏரி தாண்டியதும், பல பக்கங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒன்றாகச் சேர்வார்கள். புளியமரங்களுக்கு நடுவில் சாலையின் அகலம் முழுக்கச் சைக்கிள்தான். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. எந்தப் பேட்டையிலிருந்து வருகிறார்களோ அதுதான் பெயர். ராஜாஜிநகர் என்று ஒருவர், மீசை காதுவரை போகும், கன்னடக்காரர், ஃபிட்டர். சிவாஜிநகர் என்று ஒரு பாய், நெட்டையான ஆள், அவருடைய அப்பா காலத்து வண்டியில் வருவார். எங்கள் இரண்டு பேரையும் முதலில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் வேண்டுமென்றே மணியடித்தார்கள். ஒருவன் அக்காவின் கச்சத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். அக்கா அவனை எட்டிப் பிடித்து, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் தொழிற்சாலை வாசல்வரை போனாள். அவன் வேகமாக மிதித்தால் அவளும் வேகமாக. அவன் மெதுவானால் அவளும் மெதுவாக. வாசலில் இறங்கும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. மீசைக்காரர் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் "பேஷ் தாயி!" என்றார். மறுநாளிலிருந்து அவரும் பாயும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர். எங்கள் கூட்டம் அப்படி உண்டானது.

காலையில் கிழக்கே போவோம், சூரியன் கண்ணில். சாயங்காலம் மேற்கே திரும்புவோம், மறுபடி சூரியன் கண்ணில். அதோடு ஆடி மாதம் வந்தால், திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. வேலை செய்து அலுத்த உடம்போடு அந்தக் காற்றில் மிதிப்பது, யாரோ ஒருவர் மார்பில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். அதற்கு எங்கள் கூட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஒருவர் முன்னால் போவார், மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போவோம். அவர் களைத்ததும் ஓரமாக விலகிக் கடைசிக்குப் போய்விடுவார், அடுத்தவர் முன்னால். யாரும் உத்தரவிட வேண்டியதில்லை. பாய் முன்னால் இருந்தால் சுகம். அந்த உயரத்துக்கு இரண்டு பேர் மறையலாம். ஆரம்பத்தில் எனக்கு முறை வரும்போது "நீ வேணாம், சின்னப் பொண்ணு" என்று மீசைக்காரர் தாண்டிப் போகப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"ஏன், அவளும் சம்பளம் வாங்கலியா? போவட்டும் வுடுங்க."

முன்னால் போனேன். தொடை எரிந்தது. கண்ணில் புழுதி. ஆனால் எனக்குப் பின்னால் அத்தனை பேர், என் முதுகை நம்பிக்கொண்டு வருகிறார்கள் என்ற நினைப்பு இருந்ததே, அந்த மாதிரி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன்னால் எதிலும் கிடைத்ததில்லை.

பங்க்சர் ஆனால் எல்லாரும் நிற்பது என்பது இன்னொரு வழக்கம். ஒருநாள் காலை பாயின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்து வயல் வாய்க்காலில் டியூபை முக்கி ஓட்டையைத் தேடி, ஒட்டி, காற்றடித்துக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. வாசலில் நேரம் குறிக்கும் ஆள் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"யாருக்குப் பங்க்சர்?"

"எனக்கு சாப்" என்றார் பாய்.

"மத்தவங்களுக்கு?"

எல்லாரும் அவரவர் சக்கரத்தைப் பார்த்தோம். அக்கா மட்டும், "எங்களுக்கும்தான் சார்" என்றாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாமதம் என்று எல்லார் பெயருக்கும் நேராகக் குறித்துவிட்டார். அன்று மதியம் பாய் எங்கள் எல்லாருக்கும் சுக்காவும் ரொட்டியும் வரவழைத்தார். நான் ரொட்டி மட்டும் தின்றேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். சரக்கு வண்டி ஊர்ந்து முடியும்வரை வண்டிகளைப் பற்றித்தான் பேச்சு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல ஒருவர் வண்டியை ஒருவர் பார்ப்பார்கள். பாய் தன் வண்டியின் குழாயைக் காட்டி, "இது கல்கத்தா பாத்திருக்கு, கராச்சி பாத்திருக்கு. எங்க வாப்பா ராணுவத்துல இருந்தப்ப வாங்கினது. இன்னிக்கும் ஒரு எடத்துல வளைஞ்சிருக்கா சொல்லுங்க" என்பார். மீசைக்காரர் தன் வண்டியின் கம்பி பிரேக்கை ஞாயிறுதோறும் கழற்றித் துடைத்து மாட்டுவார். அவர் பக்கத்தில் போனால் தையல் மெஷின் எண்ணெய் வாசனை வரும். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் அந்தச் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். எல்லா ஹேண்டில்பாரிலும் செவ்வந்தி மாலை, மட்கார்டில் சந்தனம், குங்குமம். பாயின் வண்டிக்கும் அவரோடு வேலை செய்யும் ஆட்களே மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். வாடி உதிரும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.

அக்காவுக்கு என் பச்சை வண்டி மேல் கண். வெளியே சொல்ல மாட்டாள். கேட்டில் நிற்கும்போது சீட்டின் தோலை விரலால் தடவுவாள். ஒரு சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் நானே சொன்னேன்.

"அக்கா, இன்னிக்கு மாத்திக்கலாமா?"

"போடி. உன்னால இத ஓட்ட முடியுமா?"

"கச்சம் கட்டிவிடு. ஓட்டுறேன்."

ஏரிக்கரை மரத்துக்குப் பின்னால் நிறுத்தி எனக்குக் கச்சம் கட்டிவிட்டாள். காலைத் தூக்கிப் பின்பக்கமாகச் சுற்றிப் போட்டு அந்தப் பெரிய வண்டியில் ஏறியபோது, உலகமே சற்றுக் கீழே இறங்கிவிட்டதுபோல இருந்தது. எடை மிகுந்த வண்டி. கிளம்பத்தான் சிரமம். வேகம் பிடித்துவிட்டால் அது பாட்டுக்குப் போகும், நிறுத்த மனசு வராது. பக்கத்தில் அக்கா என் வண்டியில் வந்தாள். மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்திலிருந்து வரும் டிக் டிக் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது வண்டி இல்லடி மல்லேஸ்வரம். பூனைக்குட்டி. மடியில வச்சிக்கலாம்போல கீது."

ரேஸ்கோர்ஸ் வரைக்கும் அப்படியே போனோம். தெரிந்தவர் யாராவது பார்த்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் முழங்காலுக்குக் கீழே புடவை கசங்கியிருந்ததை அம்மா பார்த்தாள். என்ன என்று கேட்டாள். காற்று என்றேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஓரிரு முறை வாசல் கேட்டில் நின்று மணியடித்திருக்கிறாள். அம்மா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், உள்ளே வரச் சொல்ல மாட்டாள். அவள் எந்த ஜனம் என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். "பௌத்தங்க" என்றேன். அது உண்மை. அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே புத்தரைக் கும்பிடுகிறது. அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று தெரிந்தது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை. நான்தான் ஒக்கலிபுரத்துக்குப் போவேன். ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடு. ஒரே அறை. சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே ஓர் அகல். வண்டி போகும்போதெல்லாம் பாத்திரங்கள் நடுங்கும். அவள் புருஷன் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "உங்களப் பத்தித்தான் பேச்சு, எந்நேரமும்" என்பார். அவள் ராகிக் களியும் கீரைக் குழம்பும் போடுவாள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

எல்லாரும் சேர்ந்து ஒருநாள் எங்காவது போக வேண்டும் என்று கேட்டில் நிற்கும்போதெல்லாம் பேசுவோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெசரகட்டா ஏரிக்குக் கிளம்பினோம். தொழிற்சாலைப் பெண்கள் மட்டும் சேர்ந்து போகிறார்கள் என்று அம்மாவிடம் அப்பாதான் சொன்னார். பொய் என்று அவருக்கும் தெரியும்.

யஷ்வந்தபுரம் தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் ராகி வயல். பாய் தன் மனைவியைக் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் கறுப்பு புர்கா போட்டு, மடியில் பெரிய சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டி வைத்திருந்தாள். மேட்டில் ஏறும்போது, "உதர்னா?" என்று இறங்கட்டுமா என்பதுபோலக் கேட்பாள். பாய், "பைட், பைட்" என்று உட்காரச் சொல்லிவிட்டு மூச்சு முட்ட மிதிப்பார். கடைசியில் மீசைக்காரர் பின்னால் வந்து ஒரு கையால் அவர் முதுகைத் தள்ளிக்கொண்டே மேடேற்றினார். அந்த அம்மாள் புர்காவுக்குள் சிரித்துச் சிரித்துப் பாத்திரத்தைத் தவறவிடப் பார்த்தாள்.

ஏரிக்கரை மேல் வண்டிகளை வரிசையாகச் சாய்த்து நிறுத்தினோம். தண்ணீரில் அவற்றின் நிழல் ஆடியது. சாப்பிட்டோம். மீசைக்காரர் பாடினார். நன்றாகவே பாடினார். அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியாது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் வழக்கமாகப் பேசுகிற அளவு பேசவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நானும் அக்காவும் சாலையோரம் ஒரு பாழடைந்த கல் மண்டபத்தில், வண்டிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒதுங்கினோம். அவள் முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அவருக்கு ஹூப்ளிக்கு மாத்தல் ஆயிடுச்சி."

எனக்கு முதலில் புரியவில்லை. "எப்ப வருவாரு?" என்று கேட்டேன்.

"வர்றதா? எல்லாரும்தான் போறோம். அவரு அங்க, நான் இங்கன்னா குடும்பம் எப்பிடி நடக்கும்?"

"உன் வேலை?"

"போனா போவுது. அங்கயும் எதுனா சுத்தலாம். கம்பி இல்லன்னா கயிறு." சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, மழைக்குள் பார்த்தபடி, "காலைல எந்திரிச்சா வண்டி எடுத்துகினு எங்க போறது? அத நெனச்சாத்தான்" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். அன்று அவளுடைய ஈரமான கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மழை விட்டதும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம். சாலையில் தேங்கிய தண்ணீரைச் சக்கரங்கள் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர்கள் புறப்பட்ட நாள் சிட்டி ஸ்டேஷனுக்கு எங்கள் கூட்டம் முழுக்க வந்தது. கறுப்பு வண்டியின் பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, வைக்கோல் சுற்றி, லக்கேஜ் பெட்டியில் ஏற்றினார்கள். பாய் கூடவே நின்று, "படுக்க வைக்காதே, நிக்க வை" என்று கூலிக்காரனோடு சண்டை போட்டார். மீசைக்காரர் அக்காவின் புருஷனிடம் ஒரு புது மணியைக் கொடுத்தார். பித்தளை மணி. அங்கே போய் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அக்கா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என் கன்னத்தைத் தட்டினாள்.

"ஓரத்துல போவாதடி. ரோட்டு மேல போ."

வண்டி நகர்ந்தது. நான் வெளியே வந்து பச்சை வண்டியை எடுத்தபோது அது தனியாக நின்றுகொண்டிருந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு அன்று தள்ளிக்கொண்டே நடந்து போனேன்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் அந்தக் கூட்டத்தோடு போனேன். முன்போல இல்லை என்று சொல்ல மாட்டேன். சிரிப்பு இருந்தது, பங்க்சர் இருந்தது, ஆடிக் காற்றும் இருந்தது. ரேஸ்கோர்ஸ் மூலையில் மட்டும் கால் தானாக ஊன்றி நிற்கும். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.

பிறகு மீசைக்காரர் ஸ்கூட்டர் வாங்கினார். எங்களில் முதலில் வாங்கியவர் அவர்தான். வாங்கியும் எங்களை விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. சில வாரங்கள் எங்கள் வேகத்துக்கே, எஞ்சின் இருமிக்கொண்டு, எங்கள் பக்கத்திலேயே வந்தார். அந்தப் புகை எங்கள் எல்லார் முகத்திலும். கடைசியில் பாய்தான், "ஜாவ் பாயி, நீங்க முன்னாடி போங்க" என்றார். அவர் ஒரு கையைத் தூக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்து தொழிற்சாலை பஸ் மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் வர ஆரம்பித்தது. ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொண்டார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தவர்கள் கோடையிலும் திரும்பவில்லை. பாய் மட்டும் கடைசிவரை சைக்கிள்தான். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்வேன். ஆம், நானும் ஏறியிருந்தேன். கல்யாணமாகி, வயிற்றில் குழந்தை இருந்தது. என் கணவர் நல்லவர், வங்கியில் வேலை, சைக்கிள் விடவே தெரியாதவர். அவர் என்னைத் தடுக்கவில்லை. உடம்பு தடுத்தது. பச்சை வண்டி அவருடைய தங்கை கல்லூரிக்குப் போவதற்காகப் போயிற்று. பிறகு எங்கே போயிற்றோ.

அறுபதுகளின் கடைசியில் கணவரின் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஹூப்ளியில் நடந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டு, ஜட்கா வைத்துக்கொண்டு ரயில்வே காலனிக்குப் போனேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த இடம் அது. பெங்களூரிலிருந்து வந்த எஞ்சின் ஷெட்காரர் வீடு என்று விசாரித்ததும் ஒரு பெண்மணி கையைக் காட்டினாள்.

வாசலில் ஒரு பெண் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. முன்தலையில் நரை. நிமிர்ந்து பார்த்தாள். பின்னலை விடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மல்லேஸ்வரமா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுதோம். அந்தக் குழந்தை பாதிப் பின்னலோடு எங்களை மாறி மாறிப் பார்த்தது.

காப்பி போட்டாள். அவள் புருஷன் டியூட்டியில் இருந்தார். எல்லாம் பேசினோம். மூட்டு வலி வந்து வண்டி விடுவதை நிறுத்திவிட்டாள் என்றாள். வண்டியை மச்சான் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அவன் தார்வாரில் பால் ஊற்றுகிறானாம். நான் ஹெசரகட்டாவைப் பற்றி ஆரம்பித்தேன். மழை, மண்டபம், அவள் முந்தானையைப் பிழிந்தது, சொன்னது, எல்லாம். இத்தனை வருடம் நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்த நாள் அது.

அவள் கூர்ந்து கேட்டாள். "அப்பிடியா சொன்னேன்? ஏரிக்குப் போனது ஞாபகம் கீது. மழையா பேஞ்சுது?"

"பேய் மழைக்கா. நம்ம ரெண்டு பேரும் மண்டபத்துல நின்னோமே?"

"தெரிலடி." அவளுக்கே வருத்தமாகிவிட்டது. உடனே முகம் மலர்ந்து, "ஆனா அல்சூர் மார்க்கெட்டுல நான் கத்திரிக்கா கூடை மேல வுழுந்தேனே! அந்தக் கெழவி என்னத் திட்டித் தீர்த்தா. நீ ரோட்டு நடுவுல வண்டியப் போட்டுட்டு ஒவ்வொரு கத்திரிக்காயா ஓடிப் பொறுக்கினே. பஸ்ஸு, லாரி எல்லாத்தையும் கை காட்டி நிறுத்திட்டே. பயந்தாங்கொள்ளி நீ, அன்னிக்கு எங்கேர்ந்துடி வந்துச்சி அந்தத் தைரியம்? எம் பொண்ணுங்களுக்குக் கூட அந்தக் கதைய சொல்லிகீறேன்."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் ஒரு கத்திரிக்காய்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனாலும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேருந்தை நிறுத்திய அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னாள். மாலை ரயிலுக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. ஜட்கா நிற்கும் இடம்வரை கூடவே வந்தாள், முட்டியைப் பிடித்தபடி மெதுவாக. "அடுத்த வாட்டி புருசன், புள்ளைங்க எல்லாரையும் கூட்டிகினு வா. ரெண்டு நாள் இரு" என்றாள். வருகிறேன் என்றேன்.

அடுத்த முறை விசாரித்தபோது அவர்களுக்கு மறுபடியும் மாற்றலாகியிருந்தது. குண்டக்கல் பக்கம் என்றார்கள் சிலர், இன்னும் தெற்கே என்றார்கள் சிலர். அந்த வீட்டில் புதிதாக வந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்த அன்று, ஜட்கா தெருமுனையில் திரும்பும்போது நான் எட்டிப் பார்த்தேன். அவள் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம் என்று தோன்றியது. இப்போதும் அதே நினைப்புதான்.